முன்கூறும் வித்தையும் அதன் எல்லையும்

(பொம்மையார்பாளையத்தில் ஊர்ப் பொதுமக்கள் முன்னிலையில் குழந்தை வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே காத்திருக்கும் தாய் தகப்பன்மார் வைத்தியரைக் கண்டதும் கேட்கிற கேள்விகள் இரண்டேதான். பிள்ளை பிழைக்குமா என்பது முதற்கேள்வி. பிழைத்தால் பழையபடி ஆகுமா என்பது இரண்டாவது. தலையில் அடிபட்டோ, மூளைக்காய்ச்சல் கண்டோ, நீரில் மூழ்கி மூச்சடங்கியோ பிரக்ஞையற்றுக் கிடக்கும் குழந்தையைக் குறித்து இவ்விரு கேள்விகளுக்கும் வைத்திய சாஸ்திரம் இன்று எவ்வளவு தூரம் விடை சொல்லும், எந்த இடத்தில் அது வாய்மூடி நிற்கவேண்டும், சொல்லுகிற விடையை எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்பவற்றைப் பற்றியே இன்று தங்கள் முன் பேச விழைகிறேன்.

இந்த விஷயத்தை இந்த ஊரில் பேசுவதற்குக் காரணம் உண்டு. கிழக்கே கடல் இருக்கிறது. ஊரை ஊடறுத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. வடக்கே கழுவெளி ஏரியும் மரக்காணத்து உப்பளங்களும், மேற்கே ஏரிப் பாசனத்து நெல்வயல்களும் பரந்து கிடக்கின்றன. கடலும் குட்டையும் மூழ்கிய குழந்தையைத் தருகின்றன. சாலை தலையில் அடிபட்ட குழந்தையைத் தருகிறது. நீர் தேங்கிய வயலில் உற்பத்தியாகும் கொசு, ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத் தருகிறது. இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955இல், நம் வேலூரில்தான். பிற்பாடு பழைய தென்னாற்காடு மாவட்டம் முழுவதும் அதற்குப் பேர்போன பிரதேசமாகி, விருத்தாசலத்தில் அதற்கென்றே ஆராய்ச்சிக் களம் அமைக்கவேண்டிய நிலை வந்தது. ஆகையால், மூளை அடிபட்ட குழந்தையின் கதி என்ன என்பது ஏதோ தூரதேசத்துப் பிரச்சினை அன்று. நம் வாசற்படியில் நிற்கிற பிரச்சினை.

நோயின் முடிவை முன்கூட்டியே சொல்லும் வித்தை மிகப் பழையது. ஆயுர்வேத ஆசிரியர்கள் நோய்களைச் சாத்தியம், கஷ்டசாத்தியம், அசாத்தியம் என்று வகைப்படுத்தினார்கள். கிரேக்க நாட்டு ஹிப்போக்கிரதரின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று இதற்காகவே எழுதப்பட்டது. ஆனால் அக்காலத்து முன்கூறலின் பிரயோஜனம் பெரும்பாலும் வைத்தியனைச் சார்ந்தது. அசாத்தியமான நோயைக் கையேற்று வைத்தியன் தன் கீர்த்தியையும் பொருளையும் இழந்துவிடலாகாது என்று சரகர் வெளிப்படையாகவே எச்சரிக்கிறார். முன்னே சொன்னது சரியானாலும் தவறினாலும் நோயாளியின் கதி அதனால் மாறிவிடவில்லை, ஏனெனில் மாற்றுவதற்கு அன்றைய வைத்தியன் கையில் பெரிய சாதனம் ஏதும் இல்லை. இன்றோ மூச்சை இயந்திரம் விடுகிறது. இரத்த அழுத்தத்தை மருந்து தாங்குகிறது. இவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற தீர்மானம் மனிதர் கைக்கு வந்துவிட்டது. அந்தத் தீர்மானத்துக்கு ஆதாரமாக நிற்பது வைத்தியரின் முன்கூறல். சொன்ன சொல்லே நடக்கப்போவதை நிர்ணயிக்கும் சக்தி பெற்றுவிட்ட பிறகு, அச்சொல்லைச் சொல்லும் பொறுப்பு முன்னோர் அறியாத அளவுக்குக் கனத்துவிட்டது. இன்று நான் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

முதலில் சாதனங்களைப் பார்ப்போம். 1974ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மூளை அறுவை நிபுணர்கள், மயக்கத்தின் ஆழத்தை அளக்க எளிய முறை ஒன்றை வகுத்தார்கள். கண்ணைத் திறக்கிறானா, பேசுகிறானா, கைகால்களை அசைக்கிறானா என்ற மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுவது அம்முறை. அதற்கு முன் 'அரை மயக்கம்', 'ஆழ்ந்த மயக்கம்' என்று ஆளுக்கொரு விதமாய் எழுதிவந்தவர்களுக்குப் பொதுவான பாஷை ஒன்று கிடைத்தது. ஆனால் பேச்சே கற்றிராத எட்டு மாதக் குழந்தையிடம் 'உன் பெயர் என்ன' என்று கேட்பது எப்படி? அதனால் மழலைக்கும் அழுகைக்கும் மதிப்பெண் தரும்படி குழந்தைகளுக்கென அம்முறையைப் பிற்காலத்தார் திருத்தியமைத்தார்கள். ஆப்பிரிக்காவில் மலாவி தேசத்து ப்ளான்டயர் நகரில் மூளை மலேரியா கண்ட குழந்தைகளைப் பார்த்துவந்த வைத்தியர்கள் 1989இல் 0 முதல் 5 வரையுள்ள இன்னும் சுருக்கமான அளவை ஒன்றை வெளியிட்டார்கள். எந்த இயந்திரமும் இல்லாத சிற்றூர் ஆஸ்பத்திரியிலும் அதைப் பயன்படுத்தலாம்.

அளவை கிடைத்தால் மட்டும் போதாது. எந்த அளவில் வந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பொறுமையாக எழுதிவைத்த கணக்கும் வேண்டும். அத்தகைய கணக்குகளுள் சிறந்த ஒன்று நம் சென்னையிலேயே உண்டு. மூளையுறைக் காசநோய் கண்ட 1 வயது முதல் 12 வயது வரையுள்ள 180 குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்து, அவர்களைத் தொடர்ந்து கவனித்து, சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் குழந்தை வைத்தியர்களும் சேர்ந்து 1986இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 27 பேர் இறந்தார்கள். 39 பேர் கைகால் முடக்கம், பார்வைக்குறைவு போன்ற ஏதேனும் ஒரு நரம்புக் குறையோடு பிழைத்தார்கள். 34 பேர் பூரண குணமடைந்தார்கள். இவற்றை எது நிர்ணயித்தது என்று பார்த்தபோது, மூன்று வெவ்வேறு மருந்து முறைகளைக் கையாண்டும் பலன் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆனால் சேரும்போது குழந்தை எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதற்கும் மரணத்துக்கும் வலுவான சம்பந்தம் இருந்தது. நினைவு தெளிந்திருக்கையில் வந்த குழந்தைக்கும், நினைவு தப்பிய பின் வந்த குழந்தைக்கும் இடையில் இருந்த தூரம், ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் இடையில் இருந்ததைவிடப் பெரிது. முன்கூறும் கணக்கு, ஊராருக்கு இட்ட கட்டளையாகவும் ஆகிவிடுகிறது: சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்பதே அக்கட்டளை.

இப்படிப்பட்ட கணக்கை ஒரு தகப்பனாரிடம் எடுத்துச் சொல்லும்போது ஒரு சங்கடம் எழுகிறது. 'நூற்றில் முப்பது பேர் இறக்கிறார்கள்' என்று சொன்னால், 'என் பிள்ளை நூறு பேர் இல்லையே ஐயா, ஒருவன்தானே' என்று அவர் கேட்கிறார். அவர் கேட்பது நியாயம். மரக்காணத்து உப்பளத்தில் முதிர்ந்த தொழிலாளியைக் கேளுங்கள்; இத்தனை வருஷங்களில் இத்தனை வருஷம் ஐப்பசிக்கு முன்பே மழை இறங்கிப் பாத்தியில் இருந்த உப்பைக் கரைத்தது என்று அநுபவத்தால் சொல்லிவிடுவார்; இந்த வருஷம் என்றைக்கு மழை என்றால், எழுந்துபோய் வானத்தைப் பார்ப்பார். நூற்றுக்கணக்கு தவறு என்பதனால் அல்ல. நூற்றுக்கணக்கு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று மட்டும் காட்டுகிறது, முடிவு சொல்லக் கண்முன் நடப்பதை நாள்தோறும் பார்க்கவேண்டும் என்பதனால். வைத்தியர் நாள்தோறும் அந்தக் கட்டிலருகே நின்று பார்ப்பவை என்ன என்பதையும் சிறிது சொல்கிறேன்.

கண்மணியில் விளக்கொளி பட்டால் அது சுருங்கவேண்டும். இதயம் நின்று மீண்ட குழந்தைக்கு, 48 முதல் 72 மணி நேரம் கழிந்தும் இரு கண்மணிகளும் ஒளிக்கு அசையாவிட்டால் அது மிகவும் கெட்ட குறி. மூளையின் மின்னோட்டத்தை எழுதிக்காட்டும் ஈ.ஈ.ஜி.யில் அலைகள் இடையறாமல் ஓடினால், வெளிச்சத்துக்கும் கைதட்டலுக்கும் அவை மாறினால், தூக்கத்தின் சாயை அதில் தெரிந்தால், நம்பிக்கைக்கு இடம் உண்டு; அலைகள் தட்டையாகிப் போனாலோ, அமைதிக்கு நடுவே இடையிடையே வெடித்து அடங்கினாலோ, கவலைக்கு இடம் உண்டு. வெளிப்பார்வைக்குச் சாந்தமாய்க் கிடக்கும் குழந்தையின் மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டே இருப்பதையும் அதுதான் காட்டிக்கொடுக்கும். மணிக்கட்டு நரம்பில் சிறு மின்துடிப்பைச் செலுத்தி அது மூளையின் மேற்பரப்பை எட்டுகிறதா என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று உண்டு, எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் ஆழத்து நரம்பு முடிச்சுகள் எவ்வளவு சேதமுற்றன என்று பார்ப்பதும் உண்டு.

இவற்றில் எதுவும் தனியே நின்று தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையதன்று. வலிப்பை அடக்கக் கொடுத்த மருந்தே ஈ.ஈ.ஜி.யைத் தட்டையாக்கக்கூடும்; வென்டிலேட்டரோடு ஒத்துப்போவதற்காகத் தந்த தசைத் தளர்த்தி மருந்து கைகால் அசைவை மறைக்கும்; உடல் குளிர்ந்திருந்தாலும், சர்க்கரையோ உப்போ இரத்தத்தில் குறைந்திருந்தாலும் மயக்கம் மெய்யைவிட ஆழமாகத் தோன்றும். எம்.ஆர்.ஐ. படம் முதல் நாளில் சேதத்தைக் குறைத்துக் காட்டும். இரண்டாம் வாரத்தில் எடுத்தால் இருந்த சேதம் சிறிது மறைந்ததுபோலத் தோற்றமளிக்கும். ஆகவே எந்தப் பரிசோதனை என்பதைப்போலவே எந்த நாளில் என்பதும் முக்கியம். நம் சினிமாக்களில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, 'எதையும் இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் சொல்லமுடியும்' என்று டாக்டர் சொல்லும்போது ஜனங்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. மூளை விஷயத்தில் அந்தச் சினிமா டாக்டர் பேசியது பரமசத்தியம். அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று, கேட்ட அவகாசம் போதாது. மூன்று நாள் என்பது இதயம் நின்று மீண்ட குழந்தைக்குக் குறைந்தபட்சக் கெடு. அடிபட்ட மூளைக்கும் மூளைக்காய்ச்சலுக்கும் அதனினும் நெடிய காத்திருப்பு வேண்டும்.

அவசரப்பட்டுச் சொல்வதில் உள்ள தோஷம் வெறும் கணக்குத் தோஷம் அன்று. 'இனிப் பிரயோஜனமில்லை' என்று இரண்டாம் நாளே ஒரு வைத்தியர் கையை விரித்துவிட்டால் என்ன ஆகும்? நகையை அடகு வைத்தவரும் படகை விற்றவரும், வென்டிலேட்டரின் தினசரிச் செலவை எண்ணிப் பார்த்து, 'வீட்டுக்கே கொண்டுபோய்விடுகிறோம்' என்று கையெழுத்திட்டுக் குழந்தையை எடுத்துச் செல்வார்கள். குழந்தை வழியிலேயே இறக்கும். அந்த மரணம் ஆஸ்பத்திரிப் புஸ்தகத்தில் ஏறும்போது, அப்படிப்பட்ட அடையாளங்களோடு வந்த குழந்தை பிழைப்பதில்லை என்ற பழைய நம்பிக்கைக்கு இன்னொரு சாட்சியாகச் சேர்ந்துவிடும். சொன்னதால் நடந்ததை, நடந்ததால் சொன்னது சரி என்று எண்ணிக்கொள்ளும் இந்தச் சக்கரம் உலகமெங்கும் இருக்கிறது. பணக்கார நாடுகளில் அது இயந்திரத்தை நிறுத்தும் முடிவினால் சுழல்கிறது, நம் நாட்டில் பெரும்பாலும் பணமுடையால் சுழல்கிறது. உயிர் காக்கும் சிகிச்சையை விலக்குவது பற்றி உச்சநீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்து, 2023இல் நடைமுறையைச் சற்று எளிதாக்கியபோதுங்கூட, வைத்தியர் குழுக்கள் இரண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து இணங்கவேண்டும் என்ற ஏற்பாட்டைக் கைவிடவில்லை. தனியொருவர் முன்கூறலுக்கு அவ்வளவு கனம் தரலாகாது என்ற ஞானம் அதில் அடங்கியிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை நீக்குவது அவசியம். மூளைச்சாவு என்பது முன்கூறல் அன்று. அது நடந்துவிட்டதை உறுதிசெய்வது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி நான்கு வைத்தியர்கள் கொண்ட குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை பரிசோதித்தே அதைச் சான்றளிக்கிறது; குழந்தைகளுக்கு இன்னும் நீண்ட இடைவெளி வேண்டுமென்று உலக நெறிமுறைகள் கூறுகின்றன. 2008ஆம் ஆண்டில் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் பதினைந்து வயது மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானமளித்ததைத் தமிழ்நாடே அறியும். அவர்கள் நம்பிக்கையைக் கைவிட்டுத் தானம் செய்யவில்லை. மரணம் நிச்சயமான பின்னரே செய்தார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் கிடக்கும் குழந்தையின் நிலை முற்றிலும் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதனால் தானத்துக்கும் கேடு, சிகிச்சைக்கும் கேடு.

இன்னொரு எல்லை, தேசத்தின் எல்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட சிசுவை 72 மணி நேரம் 33, 34 செல்சியஸ் பாகை வெப்பத்தில் குளிர்வித்து வைத்தால் மரணமும் ஊனமும் குறைகின்றன என்று மேல்நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டின. அதே முறையை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 408 சிசுக்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையும் அவற்றுள் அடக்கம். 2021இல் வெளியான முடிவு வைத்திய உலகைத் திடுக்கிடச் செய்தது: குளிர்வித்த சிசுக்களில் நூற்றுக்கு 42 பேரும், குளிர்விக்காமல் வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களில் 31 பேரும் இறந்தார்கள். இயந்திரம் ஒன்றே, முறை ஒன்றே; ஆனால் நம் தாய்மாரின் ஆகாரம், கர்ப்பகாலத்துத் தொற்று, மூளைக்குச் சேதம் நேர்ந்த வேளை, ஆஸ்பத்திரியை அடைந்த நிலை ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ வேறாக இருந்திருக்க வேண்டும். சிகிச்சைக்கே இந்தக் கதி என்றால், மேல்நாட்டுக் குழந்தைகளிடமிருந்து திரட்டிய முன்கூறும் சூத்திரத்தை அப்படியே நம் குழந்தையின் தலைமாட்டில் வைத்துப் பலன் சொல்வது எவ்வளவு பொருந்தாத செயல்! பெரியவர்களின் தலைக்காயத்துக்கு 2008இல் வெளியான ஒரு பெரிய சர்வதேசக் கணக்கு, வளமுள்ள நாடுகளுக்கு ஒன்று, மற்ற நாடுகளுக்கு ஒன்று என இரு வேறு சூத்திரங்களாகவே வெளியானது. ஆகவே சென்னையில் அந்த 180 குழந்தைகளை எழுதிவைத்ததுபோல, நம் குழந்தைகளை நாமே எழுதிவைக்க வேண்டும். அந்த வேலைக்கு மாற்று இல்லை.

இறுதியாக, குழந்தை என்பது சிறிய பெரியவர் அன்று. 1930களில் அமெரிக்காவில் மார்கரெட் கென்னார்ட் என்ற அம்மையார் குரங்குகளிடம் ஆராய்ந்து, இளம் பருவத்தில் மூளையின் இயக்கப் பகுதி சேதமுற்றால், முதிர்ந்த பருவத்தைவிட மேலான மீட்சி இருக்கும் என்று கண்டார். அதைப் பற்றிக்கொண்டு, 'சின்னப் பிள்ளைதானே, சரியாகிவிடும்' என்று நெடுங்காலம் எல்லோரும் நம்பினோம். பிற்காலத்து ஆராய்ச்சி இதைத் திருத்திவிட்டது. மூளையின் ஓரிடத்தில் மட்டும் காயம்பட்ட குழந்தை வியக்கத்தக்க விதமாய்த் தேறலாம். ஆனால் மூளை முழுவதும் பரவலாக அடிபட்ட சிசு, அதே அடி பட்ட பத்து வயதுப் பையனைவிடப் பின்தங்கக்கூடும், ஏனெனில் கற்கவேண்டியதை அது இன்னும் கற்கவில்லை. நடந்து, பேசி, சிரித்துக்கொண்டு வீடு திரும்பிய மூன்று வயதுக் குழந்தை, எட்டாம் வயதில் கணக்குப் பாடத்தில் திணறும். பன்னிரண்டாம் வயதில் கோபத்தை அடக்கமாட்டாமல் அடிவாங்கும். குறை அன்று தோன்றியதன்று. இழந்த திறமைக்கு அன்றுதான் தேவை பிறந்தது. ஆகவே ஐ.சி.யு.வை விட்டுப் போகும் நாளில் சொல்கிற முன்கூறல் முடிவுரை அன்று, முதல் அத்தியாயம். மாவட்ட மருத்துவமனைகளில் 2013 முதல் ஏற்பட்டுவரும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இந்தத் தொடர்ச்சிக்காகவே உள்ளன. தெளிந்துவிட்டான் என்று கோயிலுக்கு நேர்த்தி செலுத்துவதோடு நில்லாமல், அங்கேயும் காட்டிவாருங்கள்.

இனி, யார் யார் என்ன செய்யவேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வைத்தியர், தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொல்லவேண்டும். பொய்யான ஆசையும் கூடாது, அகாலத் தீர்ப்பும் கூடாது. 'இன்று இவ்வளவு தெரிகிறது. நாளை மறுநாள் இன்ன பரிசோதனைக்குப் பிறகு மறுபடி உட்கார்ந்து பேசுவோம்' என்று தாயும் தகப்பனும் சேர்ந்திருக்கும்போது, உட்கார்ந்த இடத்தில், அவர்கள் பாஷையில் சொல்லவேண்டும். பெற்றோர் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேட்கவேண்டும்: எந்த அடையாளங்களை வைத்துச் சொல்கிறீர்கள்? மயக்க மருந்துகளின் வேகம் தணிந்துவிட்டதா? மறுபடி எப்போது பார்த்துச் சொல்வீர்கள்? இக்கேள்விகளைக் கேட்பது வைத்தியரை அவமதிப்பதாகாது; நல்ல வைத்தியர் இவற்றை வரவேற்பார்.

சர்க்காரும் சமூகமும் செய்யவேண்டியது, பணமுடை முன்கூறலின் வேஷத்தில் வந்து பேசாமல் பார்த்துக்கொள்வது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021இல் தொடங்கியது பெரிய உபகாரம். மூன்றாம் நாளிலேதான் மூளையின் நிலை தெரியவே தொடங்குகிறது என்பதை நினைத்தால், மூழ்கிய குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் கண்ட குழந்தைக்கும் நாம் கேட்கவேண்டிய அவகாசம் எவ்வளவு என்பது விளங்கும்.

ஊரார் கையில் இருப்பதோ இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. மூழ்கிய குழந்தையின் கதியை நிர்ணயிப்பவற்றுள் முதன்மையானது, அது நீருக்கடியில் இருந்த நேரம். ஐந்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் நல்ல முடிவு, நேரம் நீள நீள நம்பிக்கை தேயும். பனிக்கட்டி உறைந்த ஏரிகளில் நெடுநேரம் மூழ்கியும் பிழைத்த அதிசயங்கள் குளிர்நாடுகளில் உண்டு. நம் வெதுவெதுப்பான வங்கக்கடலில் அவற்றை எதிர்பார்ப்பதற்கில்லை. எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும் விட்டுவிட்டு, அக்கணமே வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுங்கள், மார்பை அழுத்துங்கள், இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே எடுத்துச் செல்லுங்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கக்கூடும், பிழைப்போரில் முப்பது முதல் ஐம்பது பேருக்குக் குறை தங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதைத் தடுக்கும் தடுப்பூசி நோய் பரவும் மாவட்டங்களில் இலவசமாகப் போடப்படுகிறது, ஒன்பதாம் மாதத்திலும் ஒன்றரை வயதையொட்டியும். மோட்டார் சைக்கிளில் முன்னால் நிறுத்திவைத்து ஓட்டிச்செல்லும் குழந்தைக்கும் தலைக்கவசம் உண்டு என்பதையும் மறவாதீர்கள்.

முன்கூறும் வித்தை இன்னும் வளரும், நுண்ணிய இரத்தப் பரிசோதனைகளும் கணினிச் சூத்திரங்களும் வந்துகொண்டே இருக்கின்றன, அவற்றை வரவேற்போம். ஆயினும் அவை அனைத்தும், நேர்ந்துவிட்ட சேதம் எவ்வளவு என்று அளப்பவையேயன்றிச் சேதத்தைக் குறைப்பவை அல்ல. குறைப்பது குழந்தை ஆஸ்பத்திரிக்கு வருமுன் கழிகிற நிமிஷங்களிலும், வந்தபின் நாம் பொறுத்திருக்கும் நாட்களிலும், வீடு திரும்பியபின் தொடரும் வருஷங்களிலும் இருக்கிறது. முதலாவது உங்கள் கையில். இரண்டாவது எங்கள் கையில். மூன்றாவது நம் இருவர் கையிலும் சர்க்கார் கையிலும் சேர்ந்து இருக்கிறது.